கயிறு பிடித்தவர்

சட்டமன்ற உறுப்பினர் செங்கமலம் காரின் கதவைக்கூடச் சாத்தாமல் மடத்துக்குள் வந்தார். குரு அமுதநாதர் உறியடிப் பானையில் பொரியும் வெல்லமும் நிரப்பிக்கொண்டிருந்தார். குரு வயதில் செங்கமலத்தைவிட இளையவர். அவர் செங்கமலத்தை “அம்மா” என்பார். செங்கமலம் அவரைச் “சாமி” என்பார்.

“சாமி, ஒரு கேள்வி.”

“கேளுங்கம்மா. கைக்குத்தான் வேலை. காது சும்மா இருக்குது.”

செங்கமலம் சொன்னார். அவர் தொகுதியில் பாவாயி என்று ஒரு பெண். கர்ப்பமாக இருந்தபோது நாள் கணக்குப் பார்க்கச் செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தாள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆனால் தொட்டில் விற்பவர்களும் பால்மாவு விற்பவர்களும் அவளை இன்னும் போனில் கூப்பிடுகிறார்கள். செயலியை நடத்தும் பெரிய கம்பெனி அவளுடைய விவரங்களை விற்றுவிட்டது.

“போன் மணி அடிச்சாலே அந்தப் பொண்ணு அழுவுது சாமி. இதை நிறுத்தத்தான் புதுச் சட்டம் வருது. ‘விற்காதே’ என்று ஒருவர் சொன்னால் அவர் விவரத்தை விற்கக் கூடாதுன்னு அதில் ஒரு வரி இருந்தது. இப்போ அந்த வரியைக் காணோம். நாளைக்கு அந்தச் சட்டத்தைப் பார்க்கிற குழுவில் நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும்.”

“யார் எடுத்ததாம்?”

“எங்க ஆட்கள் எதிர்க்கட்சியைச் சொல்றாங்க. அவங்க எங்களைச் சொல்றாங்க. கம்பெனியை யாரும் சொல்லலை. எப்படிச் சொல்றது? எல்லாக் கட்சிக்கும் ஒரே அளவாகத்தான் நன்கொடை கொடுத்திருக்காங்க. எங்க கட்சியும் வாங்கியிருக்கு. சட்டத்தை எழுதும்போதுகூட அவங்க ஆட்கள் தினமும் வந்து உதவினாங்க. எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தவங்க எந்தப் பக்கம் சாய முடியும்? அதுதான் எனக்குப் புரியலை.”

குரு பானையின் வாயைத் துணியால் கட்டினார்.

“வாங்கம்மா, உறியடி பார்க்கலாம்.”

மடத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. குளத்துத் தெருவும் தேரடித் தெருவும் ஆடத் தயாராக நின்றன. இரண்டு அணிகளும் புத்தம்புதுப் பனியன் போட்டிருந்தன. சர்பத் கடை வைத்திருக்கும் தணிகாசலம் முதலாளி வாங்கிக் கொடுத்தவை. ஆடுபவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சர்பத்தும் கொடுத்தார். செங்கமலத்தின் கைக்கும் ஒரு தம்ளர் வந்தது.

பானையைக் கட்டிய கயிறும் முதலாளியின் கையில்தான் இருந்தது. கயிறு பிடிப்பவர் இரண்டு தெருவையும் சேராதவராக இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ‘ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கொடுத்தவர். அவரைவிடப் பொதுவான ஆள் யார்?’ என்று இரு தெருக்காரர்களும் கூடிப் பேசி அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஒருவன் கம்போடு எம்பினான். எதிர் அணி அவன் முகத்தில் தண்ணீரை வீசியது. பானை மேலே போனது. அடுத்தவன் எம்பினான். பானை இன்னும் மேலே போனது. கொஞ்ச நேரம் போக்குக் காட்டிவிட்டுப் பானையை எட்டும் உயரத்துக்கு இறக்க வேண்டும். முதலாளி இறக்கவே இல்லை.

“கண்ணுல அடிக்கிறான்யா தேரடித் தெருக்காரன்!”

“எம்பத் தெரியாதவன் பேச்சைப் பாரு.”

இரண்டு அணியும் தள்ளுமுள்ளில் இறங்கின. வெயில் ஏறியது. பொரிக்காகச் சட்டை நுனியை ஏந்தி நின்ற பிள்ளைகள் கை வலித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தாகத்தோடு கடைப் பக்கம் போனார்கள். அவர்களுக்குச் சர்பத் இலவசம் இல்லை. முதலாளியின் மனைவிக்குத் தம்ளர் கழுவ நேரமில்லை.

“யார் ஜெயிக்கிறாங்க சாமி?” என்றார் செங்கமலம்.

“சர்பத்.”

செங்கமலம் கடையைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். பிறகு கயிற்றின் வழியே பார்வையை இறக்கி, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

“யாராவது கேட்கக் கூடாதா சாமி?”

“அவர் கொடுத்த பனியனைப் போட்டுக்கிட்டா?”

“நீங்க கேட்கலாமே.”

“கேட்கலாம். ஆனா நான் சட்டமன்ற உறுப்பினர் இல்லையே.”

செங்கமலத்தின் தம்ளரில் பாதி சர்பத் மிச்சமிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அவர் மைதானத்தின் நடுவே போனார்.

“முதலாளி, பானையை எப்போ இறக்குவீங்க?”

முதலாளி சிரித்தார். “ஆட்டம் இப்பத்தானேம்மா சூடு பிடிக்குது. நான் யாரையாவது தோற்கடிச்சேனா? ரெண்டு பக்கமும் எனக்கு ஒண்ணுதான்.”

“அது தெரியுது. இந்தக் கயிறு உங்க கைக்கு எப்படி வந்தது?”

சண்டையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர்களில் ஒருவரும் கயிற்றைக் கவனித்திருக்கவில்லை.

“நாங்கதான் கொடுத்தோம்” என்றான் குளத்துத் தெருக்காரன் ஒருவன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“நாங்களும்தான்” என்றான் தேரடித் தெருக்காரன்.

“அப்ப நீங்களே திரும்ப வாங்கிக்கலாம்” என்றார் செங்கமலம்.

வாங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த வளையல்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்கள். “எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. சட்டுப்புட்டுன்னு அடிங்க” என்று அவள் இரண்டு தடவை மட்டும் போக்குக் காட்டிவிட்டுப் பானையை இறக்கினாள். இரண்டு கம்புகள் ஒன்றாகப் போய் விழுந்தன. எந்தத் தெருவின் கம்பு உடைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பொரி கொட்டியது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். முதலாளியும் தன் பேரனைத் தூக்கிக்கொண்டு பொரி பொறுக்க ஓடினார்.

குருவும் செங்கமலமும் மடத்துக்குத் திரும்பி நடந்தார்கள்.

“சாமி, நாளைக்கு அந்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போறேன். சேர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நல்லதும்மா.”

“ஆனா எங்க கட்சியும் வாங்கினதுதானே? ‘நீங்களும் வாங்கினவங்கதானே, நீங்க எப்படிக் கேட்கலாம்?’னு மடக்குவாங்க. அதுக்கு என்ன சொல்ல?”

குரு நின்றார்.

“சர்பத் எப்படி இருந்துச்சும்மா?”

“நல்லாத்தான் இருந்தது. ஏன் சாமி?”

“குடிச்சதும் கயிறு கண்ணுக்குத் தெரியாமப் போச்சா?”

செங்கமலம் யோசித்தார். “கொஞ்ச நேரம் தெரியலை.”

“அப்புறம் தம்ளரைக் கீழே வெச்சுட்டு என்ன பண்ணீங்க?” என்றார் குரு.