சிலந்தி இட்ட வெள்ளைக் கோடு

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் பூச்சியும் ஒரே மொழியில் பேசி வந்தபோது, ஆற்றோரத்து மருதந்தோப்பில் ஆண்டுதோறும் தை மாதத்தில் சில நாள் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஏதேனும் ஒன்றை அழகுறச் செய்யத் தெரிந்த உயிர்கள் எல்லாம் தம் படைப்புகளை அங்கே வைத்தன. குளவி மண்குடம் வைத்தது. தையல்சிட்டு, இலைகளைச் சேர்த்துத் தைத்த பையைத் தொங்கவிட்டது. நத்தை ஒரு கரும்பாறையின்மேல் ஊர்ந்து ஊர்ந்து வெள்ளிக் கோலம் வரைந்தது.

கண்காட்சியை நடத்தியது ஓர் ஓணான். எதைப் பார்த்தாலும் தலையை ஆட்டுவது அதன் இயல்பாதலால், படைத்த உயிர்கள் அனைத்தும் அதனிடம் மனநிறைவோடு இருந்தன. அது வகுத்த விதி ஒன்றுதான். எந்தப் படைப்பின்முன் எவ்வுயிரும் நிற்கவில்லையோ, அதைச் செய்த உயிருக்கு மறு ஆண்டு இடமில்லை.

அந்த விதியை எண்ணி அஞ்சியது சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத இழையே சிறந்த இழை என்பது அதன் உறுதியான கொள்கை. விடியற்காலையில் பனித்துளிகள் கோத்திருக்கும்போது அதன் வலை முழுவதும் ஒளிரும். ஆனால் அந்நேரத்தில் தோப்பில் கூட்டம் இராது. காட்சியை விடியலிலேயே தொடங்கலாகாதா என்று சிலந்தி கேட்டுப் பார்த்தது. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை தன் கால்கள் எழுவதில்லை என்று ஓணான் வருத்தத்துடன் தெரிவித்து, அதற்கும் தலையை ஆட்டியது. சென்ற ஆண்டு, களைத்துப்போன கிழ ஆமை ஒன்று தற்செயலாக வலையின்முன் உட்கார்ந்ததால் சிலந்தி தப்பியது.

இந்த ஆண்டு அது இரண்டு செடிகளுக்கு நடுவே, தான் என்றும் நெய்யாத அளவுக்குப் பெரிய வலையை நெய்தது. வெயில் ஏறியது, பனி உலர்ந்தது, வலை மறைந்தது. கூட்டம் வந்து, வலைக்கு அப்பாலிருந்த மண்குடத்தை வலையின் ஊடாகவே பார்த்து வியந்து, நிற்காமல் அதனிடம் போனது.

குளவிக்கே பொறுக்கவில்லை. "அக்கா, ஒரு காய்ந்த சருகையாவது நடுவில் மாட்டி வை. காற்றைக் கொண்டுவந்து கண்காட்சியில் வைத்திருக்கிறாய் என்று சிரிக்கப் போகிறார்கள்."

"சருகு பார்க்க விரும்புகிறவர்களுக்கு மரத்தடியில் நிறைய இருக்கிறது" என்றது சிலந்தி.

உச்சிவேளை நெருங்கியது. வலையின்முன் இன்னும் எவ்வுயிரும் நிற்கவில்லை. அப்போது, அலகில் புழுவோடு தன் குஞ்சுகளிடம் விரைந்துகொண்டிருந்த தேன்சிட்டு ஒன்று, செடிகளுக்கு நடுவே வழி இருப்பதாக எண்ணிப் பாய்ந்து, வலையில் சிக்கியது. புழு கீழே விழுந்தது. சிட்டு சிறகடிக்கச் சிறகடிக்க வலை அதிர்ந்தது. அதிர்ந்த ஒவ்வோர் இழையிலும் வெயில் பட்டு, பச்சையும் செம்பொன்னுமாக ஒளி ஓடியது.

மண்குடத்தைச் சூழ்ந்திருந்த கூட்டம் அப்படியே திரும்பியது. வட்டத்துக்குள் வட்டமாக இத்தனை வட்டங்களா என்று அணில் வாய்பிளந்தது. இதன்முன்னா சென்ற ஆண்டு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று ஆமை தன்னையே கடிந்துகொண்டது. சிட்டை விடுவிப்பதற்காக ஓரத்திலிருந்து ஓடி வந்த சிலந்தி, இழையில் வாய் வைத்தும் அறுக்காமல் நின்றது. வாழ்நாள் முழுவதும் அது கேட்க விரும்பிய சொற்கள் அல்லவா அவை!

ஓணான் அருகில் வந்தது. "சிறிது நேரம் இருக்கட்டும், அம்மா. கீழைத் தோப்பினர் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களும் பார்த்துவிடட்டும்."

சிட்டு தளர்ந்தது. சிறகு ஓய, வலையின் ஒளியும் மங்கியது. "இன்னும் கொஞ்சம் அசை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சிட்டு சிலந்தியைத்தான் பார்த்தது. "அக்கா, எனக்கு வலை தெரியவில்லை. தெரிந்திருந்தால் சுற்றிப் போயிருப்பேன்."

சிலந்தி இழையைக் கடித்தது. நடுவிலிருந்து தொடங்கி, வட்டம் வட்டமாக, தான் நெய்ததை எல்லாம் தானே அறுத்தது. சிட்டு தரையில் விழுந்து, எழுந்து, சிறகை உதறியது; விழுந்த புழுவைத் தேடிக் கவ்விக்கொண்டு பறந்தது. செடிகளுக்கு நடுவே சில இழைகள் மட்டும் தொங்கின. மூச்சிரைக்க வந்து சேர்ந்த கீழைத் தோப்பினர், இங்கே என்ன இருந்தது என்று கேட்டனர். அதற்குள் கூட்டம் மண்குடத்தின் பக்கம் போய்விட்டது.

விதிப்படி அத்தனை பேர் நின்று பார்த்துவிட்டதால் இடம் பறிபோகாது என்று ஓணான் ஆறுதல் கூறித் தலையை ஆட்டியது.

மறுநாள் விடியலில் அது அதே இடத்தில் மீண்டும் நெய்தது. இழைகள் முன்போலவே மெல்லியவை. ஆனால் நெய்து முடித்தபின், தான் இதுவரை இகழ்ந்து வந்த தடித்த வெள்ளை நூலை எடுத்து, வலையின் நடுவே வளைத்து வளைத்து ஒரு கோடு இட்டது.

"சருகு வேண்டாம் என்றாய், இப்போது உன் பெயரையே எழுதிக்கொண்டாயோ?" என்று குளவி கேலி செய்தது.

"பெயரன்று. வழியில் நான் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

அன்று கண்காட்சிக்கு வந்தவை எல்லாம் அந்தக் கோட்டைத்தான் பார்த்தன. அதைச் சூழ்ந்திருந்த நுண்ணிய வட்டங்களை ஓர் உயிரும் கவனிக்கவில்லை. நண்பகலில் தேன்சிட்டு அலகில் புழுவோடு அவ்வழியே வந்தது. கோட்டைக் கண்டு, சட்டென்று மேலெழும்பி, செடிகளைச் சுற்றிக்கொண்டு சென்றது. அது கண்ணுக்கு மறையும்வரை சிலந்தி பார்த்துக்கொண்டிருந்தது.

தோட்டத்துச் சிலந்தி தன் வலையின் நடுவே வெள்ளைக் கோடு இட்டு, அதன்மேலேயே அமர்ந்திருப்பது அன்று முதல்தான். அதைச் சிலந்தியின் கையெழுத்து என்று மனிதர்கள் சொல்கிறார்கள். பறவைகள் அதைச் சரியாகப் படித்து, விலகிப் பறக்கின்றன.