ஊற்றிக் கொடுத்த கை

பணி ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் உங்கள் குரு யார் என்று கேட்டால், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான மங்களேஸ்வரியின் பெயரைத்தான் சொல்வார் வேதமுத்து.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் அரசு முதியோர் இல்லம். அவள் கண்காணிப்பாளர், அவர் எழுத்தர். ஓட்டுக் கட்டடம், முற்றத்தில் வாகை மரம், காலையில் பயறு அவியும் வாசம். அந்த நாட்களைப் பேச ஆரம்பித்தாலே அவர் குரல் இளகிவிடும்.

ஓர் ஐப்பசியில், பஸ் நிலையத்தில் கிடந்த செல்லக்கனி என்ற கிழவியைப் போலீசார் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள், இப்படியே போனால் தாங்காது என்றார் டாக்டர்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுதி எடுத்துவந்தார் வேதமுத்து.

"சோறு, மெத்தை, மருந்து எல்லாம் குடுத்தாச்சு மேடம். இதுக்கு மேல என்ன குடுக்க?"

மங்களேஸ்வரி எழுந்துபோய்க் கிழவியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, ஊர்ல என்ன வேல பாத்தீக?"

கிழவியின் உதடு அசைந்தது.

"காப்பிக் கடை. முப்பது வருசம்." மூச்சு வாங்கினாள். "ஊத்திக் குடுத்துத்தான் பழக்கம் தாயி. உக்காந்து வாங்கித் திங்க கூசுது."

மங்களேஸ்வரி அவளைக் கைத்தாங்கலாக எழுப்பிச் சமையல்கட்டுக்கு நடத்தினாள்.

"மேடம், தங்கியிருக்கவங்களை உள்ள விடக்கூடாது" என்று பின்னாலேயே போனார் வேதமுத்து.

"கருப்பட்டி இருக்கான்னு பாருங்க, அண்ணாச்சி."

இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, பக்குவம் சொல்லிச் சொல்லி மங்களேஸ்வரியைக் காப்பி போடவைத்தாள் கிழவி. தானே ஆற்றினாள். முதல் டம்ளரை வேதமுத்துவிடம் நீட்டினாள்.

"குடிங்க சார். ஆறிறப் போவுது."

அவர் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு தனக்கு அரை டம்ளர் ஊற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் கஞ்சியும் இறங்கியது.

கடிதத்தை வேதமுத்துவே கிழித்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் கேட்டார்.

"ஒரு ஆளுக்காக விதியை வளைச்சிட்டோம். இன்னும் அம்பத்தொம்பது பேர் இருக்காங்களே மேடம்?"

"ஆமா. அவங்கள்லாம் என்ன வேல பாத்தாங்க, அண்ணாச்சி?"

அத்தனை பேருடைய கோப்பும் அவர் பின்னாலிருந்த அலமாரியில்தான் இருந்தது. எதிலும் அந்த விவரம் இல்லை; நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கட்டில்களை நோக்கி நடந்தார்.