ஒரு சாயங்காலத்து மகள்

சாத்தூரில் கோமதிநாயகம் என்றொரு காராச்சேவுக் கடைக்காரர். அவர் கடையில் அம்மாவோடு சேர்ந்து வேலை செய்தாள் பன்னிரண்டு வயது பேச்சித்தாய். பள்ளிக்கூடம் போக ஆசை என்று அவள் வாயைத் திறந்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் தொழிலாளர் துறை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் வழக்கு. சொந்தப் பிள்ளை பள்ளி விட்டு வந்து ஒத்தாசை செய்தால் வழக்கில்லை. கடைக்காரருக்கு இது தெரியும்.

"ஏட்டி, என்னை அப்பான்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு உங்கம்மாவுக்கும் வேலை கிடையாது" என்று பேச்சித்தாயின் காதைக் கடித்தார்.

"யாரு இந்தப் பாப்பா?" என்றார் அதிகாரி.

"என் மகதான் சார்."

"ஆமா சார், இவருதான் எங்கப்பா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் பேச்சித்தாய்.

மாடியிலிருந்த சண்பகவல்லிக்கும் கேட்டது. அவள் கடைக்காரரின் மனைவி; பெற்றது இரண்டும் ஆண்பிள்ளைகள். விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"இவங்கதான் உங்கம்மாவா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார், இவங்க வேற" என்ற பேச்சித்தாய், கடைக்காரரிடம் திரும்பினாள். "ஏம்ப்பா, இவங்ககிட்ட நீங்க இன்னும் சொல்லலையா?"

சண்பகவல்லி சேலையை வரிந்து கட்டினாள். "எத்தனை வருஷமா நடக்குது இது?"

கோமதிநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ சண்பகம், சத்தியமா இது என் மக இல்ல! சம்பளத்துக்கு வச்ச பிள்ள! விடியக்காலமே வேலைக்கு வந்திரும், யாரை வேணும்னாலும் கேளு!"

"யாரையும் கேட்க வேண்டாம்" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பேச்சித்தாய் பள்ளிக்கூடம் போனாள். அவள் அம்மாவின் வேலைக்குச் சண்பகவல்லியே பொறுப்பேற்றாள். கோர்ட்டு விசாரணை அபராதத்தோடு முடிந்துவிட்டது. வீட்டு விசாரணைதான் இன்னும் முடியவில்லை.