கிணற்றின்மேல் கிடந்த துண்டு

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரே ஒரு கிணறு. கிணற்றைவிட ஆழமான பயம் ஒன்றும் அங்கே இருந்தது. அது நாட்டாமை வேலப்பரின் சிவப்புக் கரைத் துண்டு. அவர் எதன்மேல் துண்டைப் போடுகிறாரோ, அதை அவரே எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. மாமரத்தில் போட்டார், பழத்தையெல்லாம் அணில் தின்றது. வண்டியில் போட்டார், வண்டியைக் கறையான் தின்றது. கல்யாணப் பந்தலில் போட்டார், மாப்பிள்ளை வந்த வழியே போனான். ஒருமுறை எவனோ அவர் குரலில் "எடுங்கடா" என்று கத்தி ஊரை ஏமாற்றிவிட்டான். அன்றிலிருந்து, "என் குரலே கேட்டாலும் நம்பாதீங்க. என் கை எடுத்தால்தான் எடுத்தது" என்று உத்தரவு.

அந்த ஊர்ச் சிலம்பாயியின் ஆட்டுக்கடாவை நாட்டாமை கேட்டார். அவள் தரவில்லை. விடிந்து பார்த்தால், கிணற்றுக் கயிற்றின்மேல் துண்டு!

கோடைக்காலம், பிள்ளைகளே. அவள் மகளோ காய்ச்சலில் கிடக்கிறாள். "அம்மா, தண்ணி" என்கிறாள். குடத்தைக் கவிழ்த்தால் மண்தான் விழுகிறது. சிலம்பாயி என்ன செய்வாள்? கடாவை இழுத்துக்கொண்டு போனாள், போனால் ஊரே காலிக் குடத்தோடு நிற்கிறது, நாட்டாமை கிணற்றுச் சுவரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வந்தியா வழிக்கு? கொண்டா இப்படி" என்று கடாவின் கொம்பைப் பிடித்தார். கடாவுக்கு நாட்டாமை தெரியுமா, துண்டு தெரியுமா? விட்டது ஒரு முட்டு. தொபுக்கடீர்!

யார் கையிலிருந்தோ ஒரு குடம் நழுவி உருண்டது. அதை எடுக்கக்கூட ஒருவரும் குனியவில்லை.

"கயித்தைப் போடுங்கடா!" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கயித்து மேல துண்டு கிடக்குங்களே, ஐயா" என்றான் தலையாரி மொக்கையன்.

"துண்டை எடுடா!"

"உங்க குரலை நம்பக்கூடாதுன்னு உத்தரவுங்களே."

"நான்தான்டா சொல்றேன்!"

"அன்னைக்கு ஏமாத்தினவனும் அப்படித்தாங்க சொன்னான்."

கேலியில்லை. மொக்கையனின் பல் கிடுகிடுத்தது.

சிலம்பாயிக்கு மகளின் உலர்ந்த உதடுதான் கண்ணில் நின்றது. கையை நீட்டித் துண்டை எடுத்தாள். "ஐயோ!" என்று ஊர் கண்ணை மூடிக்கொண்டது. இடி விழவில்லை. அவள் கை கருகவில்லை. துண்டில் வேர்வை நாற்றமும் மூக்குப்பொடி நாற்றமும் அடித்தது, அவ்வளவுதான். இதற்கா? இந்தத் துணிக்கா இத்தனை காலம்?

முதலில் நாட்டாமையின் தலைக்குப் பக்கத்திலேயே ஒரு வாளி தண்ணீர் மொண்டாள். பிறகுதான் கயிற்றை அவருக்கு விட்டாள். ஏறி வந்தவர் சொட்டச் சொட்ட நின்று, "என் துண்டு?" என்றார்.

"நனைச்சுப் பிள்ளை நெத்தியில போடப் போறேன். காய்ச்சல் இறங்கினதும் வந்து கேளுங்க."

காய்ச்சல் இறங்கியது. கேட்கத்தான் அவர் வரவில்லை. கடா பட்டிக்குப் போனது, கதை உங்களிடம் வந்தது. அந்த ஊரில் இன்றும் அதிகாரத்துக்குத் துண்டு என்றுதான் பெயர். எவனாவது ரொம்ப அதட்டினால், தண்ணீர் இறைக்கிற பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்கள்: "என்னங்க, துண்டு காஞ்சிருச்சா?"