இடுப்பில் பொட்டு வைத்த சைக்கிள்

சமதரையிலேயே தடுமாறுகிற நான், டாக்டர் உத்தரவுக்குப் பயந்து மலையேறும் சைக்கிள் வாங்கப் போனேன். கடையை விட்டு இறங்கினால் மாற்றித் தரமாட்டோம் என்று அங்கே பெரிய போர்டு.

முதலாளி நஞ்சப்பன் பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, புதுச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஃபிரேமின் நடுவே பெரிய பொட்டு ஒன்று. தொடப் போனேன்.

"சாமி பொட்டு, அழிக்கக்கூடாது!" என்று அதட்டினார்.

"ஃபிரேம்ல அடி கிடி பட்டிருக்கான்னு பார்த்தேனுங்க."

"உங்களுக்கு சைக்கிளைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா பொட்டு ஹேண்டில்பார்லதான வைப்பாங்க? இதுக்கு மட்டும் ஏனுங்க இடுப்புல?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் முதலாளியே துண்டால் துடைத்தார். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு நெளிசல். வேறு வண்டி எடுத்துக் கொடுத்தார்.

ஊரையே ஜெயித்த மாதிரி மிதித்துக்கொண்டு வந்தேன். பிரேக் எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள் எங்கள் வீட்டு கேட் வந்துவிட்டது. நானும் சைக்கிளும் சேர்ந்து அதன்மேல் சாய்ந்தோம். ஃபிரேமில் அதே இடத்தில் நெளிசல்.

சாயங்காலம் மனைவி சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். "என்னங்க, நடுவுல இவ்வளவு பெரிய பொட்டு?"

"சாமி பொட்டு, அழிக்கக்கூடாது" என்றேன்.