ஆடிக் காத்தைத் திருப்பி அனுப்பின பேனர்

ஆரல்வாய்மொழிக் கணவாயில ஆடிக் காத்து அடிச்சா ஆளே நேரா நிக்க முடியாது. தாசையன் கட்டின பேனர் மட்டும் அசையாம நிக்குமாம். யார் சொன்னது? தாசையனேதான். வேற யாரும் சொன்னதா இதுவரைக்கும் தகவல் இல்லை.

அதையும் நம்பித்தான் புஷ்பமணி வந்திருந்தாள். பாவம், அவளுக்கு வேற போக்கிடம் இல்லை. அவளோட தையல்கடை சந்துக்குள்ள நாலாவது வாசல். ரோட்டுல போர்டு தெரிஞ்சாத்தான் ஆள் உள்ள திரும்பும். இதுவரைக்கும் வச்சது ரெண்டு போர்டு. முதலாவது ஆணியோட பறந்து போச்சு. ரெண்டாவதுக்கு, காத்து புகுந்து போகட்டும்னு அரைவட்டமா ஓட்டை வெட்டின மகராசன், சரியா அவ போன் நம்பர் மேலயே வெட்டித் தொலைச்சான். ஒரு மாசம் ஒருத்தர்கூடக் கூப்பிடலை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்கிற கல்யாணப் பொண்ணுங்க இந்தத் தடவையும் நாகர்கோவிலுக்குப் போயிட்டா, கடையை மூடிட்டுப் பழையபடி கம்பெனி வேலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

சந்து முக்குல இசக்கியப்பனோட ஃப்ளெக்ஸ் கடை. புதுப் போர்டை அச்சடிச்சுச் சுருட்டி அவ கையில குடுத்தவர் அவர்தான். மாட்டுறதுக்குத் தாசையனைக் கைகாட்டின புண்ணியவானும் அவரே. தாசையனும் அந்தக் கடை பெஞ்சுலயேதான் உக்காந்திருந்தார்.

"அண்ணாச்சி, சவுக்குக் கட்டையில கட்டவா, இரும்பு ஃப்ரேம் போடவா, இல்ல பலகையில ஒட்டிரவா? எது தாங்கும்?"

தாசையன் வெத்தலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "ஒட்டுததா? கேளு தங்கச்சி. ஒரு பஸ்சு முதுகுல மைதாப் பசை காய்ச்சி ஒரு போஸ்டர் ஒட்டுனேன். அந்த பஸ்சு ஓடி ஓடித் தேஞ்சு, காயலான் கடைக்குப் போயி, ஒடச்சு எடைக்கும் போட்டாச்சு. போஸ்டரு மட்டும் இன்னும் அதே ரூட்ல போயிட்டு வந்துட்டு இருக்கு."

"கண்டக்டர் உண்டுமா வேய்?" இசக்கியப்பன் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் வரமாட்டாரு."

"சரி, சவுக்குக் கட்டை?" புஷ்பமணி விடலை.

"அதை ஏன் கேக்க! ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு கட்டை நட்டு மாப்பிள்ளை பொண்ணு பேனரைக் கட்டுனேன். என் கைராசி, கட்டை வேர் புடிச்சிட்டு. மரம் வளர வளர பேனரும் மேல போவுது. மூணாம் மாசம் மேகத்துக்குள்ள போயிட்டு. அடுத்த வருசம் ஏறி அவுத்துப் பாத்தா, மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல ஒரு கைப்புள்ள சிரிச்சிட்டு இருக்கு!"

"அடப்பாவி! மாப்பிள்ளை வீட்டுல சொன்னீரா?" என்றார் இசக்கியப்பன்.

"பேரு வச்சதே நான்தான வேய்."

புஷ்பமணிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "நான் கேக்கது என் போர்டைப் பத்தி அண்ணாச்சி."

"அதுக்குத்தான வாரேன். இரும்பு ஃப்ரேம்! போன ஆடியில இந்த மலைக்கும் அந்த மலைக்கும் குறுக்க ஒரு வரவேற்பு பேனர் கட்டுனேன். நான் இறுக்குன இறுக்குல காத்து வந்து முட்டி நின்னுட்டு. 'அண்ணாச்சி, கொஞ்சம் வழி விடுங்க'ன்னு கெஞ்சுது. நான் மசியுவனா? வந்த வழியே திரும்பிப் போயிட்டு. காத்தாலை அத்தனையும் பின்பக்கமாச் சுத்துது. கரண்டும் பின்பக்கமா ஓடுது. வீட்டுக்கு வீடு கிரைண்டர்ல ஆட்டுன மாவு, மறுபடி அரிசி தனியா உளுந்து தனியாப் பிரிஞ்சு கெடக்கு! நீ தச்ச ஜாக்கெட்டு எல்லாம் அன்னைக்குப் பிரிஞ்சிருக்குமே, பாக்கலியா?"

"என் மிஷின் கால்ல மிதிக்கது அண்ணாச்சி, கரண்டு இல்ல."

"அதான் தப்பிச்ச!" தாசையன் அசரலை. "கடைசியில கரண்டு ஆபீசருமாரு வந்து கையெடுத்துக் கும்பிட்டாவ. போனாப் போவுதுன்னு பிளேடால ரெண்டு ஓட்டை வெட்டி விட்டேன். இன்னைக்கு வள்ளியூர்ல அடிக்க காத்து பூரா அந்த ரெண்டு ஓட்டை வழியாப் போனதுதான்."

இசக்கியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். புஷ்பமணி சுருட்டின ஃப்ளெக்ஸைத் தாசையன் மடியில வச்சாள்.

"ரொம்பச் சந்தோசம் அண்ணாச்சி. நீங்களே கட்டுங்க. கட்டிட்டு, ஆடி முடியுத மட்டும் அதுக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காருங்க. மூணு வேளைச் சோறும் நான் கொண்டாந்து தாரேன்."

வெளிய ஒரு காத்து வந்து கடை ஷட்டரைத் தடதடன்னு ஆட்டிட்டுப் போச்சு. தாசையன் ஷட்டரைப் பாத்தார். ஃப்ளெக்ஸைப் பாத்தார். தொண்டையைச் செருமிக்கிட்டார்.

"கட்டுக்கு நான் ஜவாப்தாரி தங்கச்சி. காத்துக்கு நான் எப்படி ஜவாப்தாரி ஆவேன்?"

அவளுக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. அரை நாள் பொழைப்பு போச்சே! வெடுக்குன்னு ஃப்ளெக்ஸைத் திரும்ப எடுத்துக்கிட்டு இசக்கியப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ரோட்டைப் பாத்த உங்க கடைச் சுவரு சும்மாதான கெடக்கு? அதுல பெயிண்டால எழுதிக்கிடட்டா?"

ஃப்ளெக்ஸ் அடிச்சுப் பொழைக்கிறவர்கிட்டக் கேக்கிற கேள்வியா இது? ஆனா இப்படி ஒரு ஆளைக் கைகாட்டின பாவம் அவரையும் உறுத்தியிருக்கும்போல. "தாராளமா எழுதிக்கோம்மா" என்றார்.

"அப்ப இந்த ஃப்ளெக்ஸு?" தாசையனுக்குப் பொறுக்கலை.

"கடைக் கூரை ஒழுகுத எடத்துல விரிச்சுக்கிடுதேன்." அவ படி இறங்கிட்டாள்.

"சுவத்துல எழுதுனா எடுப்பா இருக்காது தங்கச்சி! இந்த ஊர்க் காத்து லேசுப்பட்டது இல்ல, பாத்துக்க!"

"சரி அண்ணாச்சி. சுவரு பறந்துட்டுன்னா சொல்லி அனுப்புதேன். நீங்க வந்து இறுக்கிக் கட்டிக் குடுங்க."