விழா மேடையில் பம்ப் அடுப்பு

பள்ளிக்கூடத்துச் சாரணப் பிள்ளைகள் கொல்லிமலைக்கு முகாம் போகிறார்கள் என்றதுமே, தாளாளர் நாச்சிமுத்து தன் கடையில் விலைபோகாமல் கிடந்த மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பம்ப்பை அழுத்திக் காற்றடித்தால் ஓரத்தில் எண்ணெய் கசியும். கால் மூன்றும் மூன்று பக்கம் ஆடும்.

கூடப் போய்ச் சமைக்க வேண்டியவள் ஆயா மயிலாத்தா. "பிள்ளைங்க நடமாடற இடத்துல இது ஆகாதுங்க ஐயா. அகலக் கால் வெச்ச சின்ன கேஸ் அடுப்பு ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள்.

"இது கெட்டி இரும்பு. ஒரு பயமும் இல்லை. இதில் சமைத்தால் முகாம், இல்லாவிட்டால் யாரும் போகவேண்டாம்" என்றார் அவர்.

பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. மயிலாத்தாவோ, "சரிங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

வழியனுப்பு விழாவுக்குப் பெற்றோரெல்லாம் கூடிவிட்டார்கள். மேடையில் குத்துவிளக்கு வைக்கும் இடத்தில், பொட்டு வைத்த பம்ப் அடுப்பு நின்றது.

"இந்த வாட்டி உங்க கையால அடுப்பையே ஏத்தி வையுங்க ஐயா" என்று தீப்பெட்டியை நீட்டினாள் மயிலாத்தா.

கைதட்டல் எழுந்தது. தாளாளர் குனிந்து காற்றடித்தார். கசிவைப் பார்த்ததும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எவ்வளவு தூரமுங்க?" என்றாள் மயிலாத்தா.

"அந்த கேட் வரைக்கும் போயிருங்க."

"மலையில கூடாரமெல்லாம் ஒட்டி ஒட்டித்தானுங்க இருக்கும். அங்கே பிள்ளைகளை எந்த கேட்டுக்குங்க அனுப்பறது?"

பெற்றோர் கூட்டம் சிரித்துவிட்டது. தாளாளர் தீக்குச்சியைப் பெட்டிக்குள்ளேயே போட்டார்.

பஸ் புறப்படும் முன்னே புது கேஸ் அடுப்பு வந்து இறங்கியது.